83 மடங்கு ஜூமா, சின்ன மிரர்லெஸ்ஸா? லென்ஸோட வாயை அளந்துட்டு சொல்றேன் சார்

சார், உங்க கேள்வியை ரெண்டு தடவ படிச்சேன். நாங்குநேரி பக்கம் வாத்தியார் வேலை, ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம், ஞாயித்துக்கிழமை ஆனா பறவை பாக்க கூந்தன்குளம் சரணாலயம், கையில 80,000 ரூபா. கடைக்காரர் நிக்கான் பி950ஐ எடுத்து காட்டி "83 மடங்கு ஜூம் சார், நிலாவுல பள்ளம் தெரியும்"னு சொல்லிட்டார். அக்கா பையன் "அது பொம்மை மாமா, சென்சார் சின்னது, கேனான் ஆர்50 ரெண்டு லென்ஸ் கிட்டா வாங்குங்க"ன்னு சொல்றான். சென்சார்னா வெளிச்சத்தை படமா மாத்தற சில்லு, கிட்னா பெட்டியிலயே கேமராவோட சேத்து தர்ற லென்ஸ். கடைக்காரர் காட்டினது பிரிட்ஜ் கேமரா, லென்ஸை கழட்ட முடியாது; பையன் சொல்றது மிரர்லெஸ், லென்ஸை மாத்தி மாட்டலாம். நடுவுல தை மாசம் பேத்திக்கு காதுகுத்து, அதுக்கும் படம் எடுக்கணும். கம்ப்யூட்டர்ல உக்காந்து படத்தை திருத்தற பொறுமை கிடையாதுன்னும் எழுதியிருக்கீங்க, அந்த கடைசி வரி முக்கியம், அதுக்கு அப்புறம் வரேன். எது நல்ல கேமரான்னு கேட்ட மாதிரி இருந்தாலும், நீங்க கேட்டிருக்கறது ரெண்டு கேள்வி. வெயில்ல தூரத்துல இருக்கற சின்ன பறவையை எது நல்லா எடுக்கும்னு ஒண்ணு, வீட்டுக்குள்ள மங்கின வெளிச்சத்துல பக்கத்துல ஓடுற குழந்தையை எது நல்லா எடுக்கும்னு இன்னொண்ணு. ரெண்டுக்கும் பதில் வேற வேற. 80,000க்குள்ள ரெண்டையும் சரியா செய்யற ஒரே பொருள் கிடையாது, இதை முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா கடைசில என்னை திட்டுவீங்க.

என்னைப் பத்தி சுருக்கமா. 18 வருஷமா கல்யாணம், காதுகுத்து, வளைகாப்புன்னு படம் எடுத்துதான் பிழைப்பு ஓடுது, லீவு கிடைச்சா ஏரிக்கரை. நாலு வருஷம் பி900 வச்சிருந்தேன், அதாவது உங்க கடைக்காரர் காட்டினதோட அண்ணன், 2015ல வந்தது, லென்ஸ் கணக்கு ரெண்டுக்கும் ஒண்ணுதான். இப்ப பறவைக்கு ஏபிஎஸ்சி சென்சார் (ஆர்50ல இருக்கற ஜாதி அளவு) மிரர்லெஸ்ஸும் 100-400 லென்ஸும். பி950ஐ நான் கையில வச்சு ஓட்டினது நண்பர்கிட்ட வாங்கி ரெண்டு நாள் மட்டும்தான், அதனால அதைப் பத்தி நான் சொல்றதுல பாதி பி900 அனுபவம்னு எடுத்துக்கங்க.

முதல்ல இந்த 83ஐ உடைச்சு பாப்போம். 83 மடங்குங்கறது அந்த லென்ஸோட கிட்டத்து முனைக்கும் தூரத்து முனைக்கும் இருக்கற விகிதம், அவ்வளவுதான், பறவை கண்ணுக்கு தெரியறதைவிட 83 மடங்கு பெருசா தெரியும்னு அர்த்தம் இல்ல. பெட்டி மேல 24-2000 மி.மீ.னு போட்டிருக்கும், நம்பர் பெருசானா தூரத்துல இருக்கறது கிட்ட வரும், அதுவும் பழைய ஃபிலிம் கேமரா அளவுக்கு மாத்தி சொல்ற கணக்கு. லென்ஸ் வளையத்துல பொடி எழுத்துல உண்மையான நம்பர் இருக்கு, 4.3-357. 357 எப்படி 2000 ஆகுதுன்னா சென்சார் அவ்வளவு சின்னது, 6.2க்கு 4.6 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு உளுந்து. ஆர்50 சென்சார் 22.3க்கு 14.9, ரெவென்யூ ஸ்டாம்ப் மாதிரி வச்சுக்கங்க, பரப்புல பாத்தா உளுந்தைவிட 12 மடங்கு. உங்க அக்கா பையன் சொல்றது இதைத்தான், சொன்ன வரைக்கும் தப்பில்ல. ஆனா அதோட நிறுத்திட்டான். நானும் பல வருஷம் அங்கயே நின்னுட்டிருந்தேன்.

எப்படி நகந்தேன்னு சொல்றேன். பி900ஐ வித்துட்டு மிரர்லெஸ் வாங்கின புதுசுல கூட வந்த 55-210 கிட் லென்ஸோட வேடந்தாங்கல் போனேன், ஜனவரி மாசம், காலை ஏழு மணி, கரையில நல்ல வெளிச்சம், மரம் பூரா நத்தைகுத்தி நாரை. பக்கத்துல ஒரு பெரியவர், அவர் கையில நான் வித்த அதே மாடல் பி900. திரும்பி வந்து ரெண்டு பேர் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா அவர் படத்துல நாரை அலகுக்கு நடுவுல இருக்கற இடைவெளி தெரியுது, கண்ணு தெரியுது. என் படத்துல நாரை இருக்கு, அவ்வளவுதான் சொல்ல முடியும். பெரிய சென்சார், புது கேமரா, தொழில்காரன் கை, எல்லாம் இருந்தும் தோத்தேன். ரெண்டு நாள் அதே யோசனை. அப்புறம்தான் பேப்பர்ல கணக்கு போட்டேன்.

கணக்கு சுலபம், எட்டாம் கிளாஸ் பசங்களுக்கே நீங்க சொல்லித் தரலாம். லென்ஸோட உண்மையான மி.மீ. நம்பரை எஃப் நம்பரால (லென்ஸ் எவ்வளவு திறக்கும்னு சொல்ற எண், லென்ஸ் மேலயே இருக்கும்) வகுத்தா அந்த லென்ஸோட வாய் எவ்வளவு அகலம்னு வரும், நான் அதை வாய்னே சொல்றேன். மழைத்தண்ணி பிடிக்க முற்றத்துல பாத்திரம் வைக்கறோமே, எவ்வளவு தண்ணி விழும்ங்கறதை பாத்திரத்தோட வாய்தான் தீர்மானிக்குது. தூரத்துல உக்காந்திருக்கற ஒரு பறவைகிட்டேருந்து வர்ற வெளிச்சமும் அப்படித்தான், ஒரே தூரம், ஒரே ஷட்டர் வேகம்னா எவ்வளவு வெளிச்சம் உள்ள வரும்ங்கறது வாயோட பரப்பை பொறுத்தது, பின்னாடி உளுந்து இருக்கா ஸ்டாம்ப் இருக்காங்கறது அடுத்த கேள்வி. பி950 தூரத்து முனையில 357, எஃப் 6.5, வகுத்தா 55 மி.மீ. ஆர்50 கூட வர்ற 55-210 லென்ஸ் தூரத்து முனையில எஃப் 7.1, 210ஐ 7.1ஆல வகுத்தா 30 மி.மீ.கூட முழுசா வரல. 55க்கு 30, பரப்புல மூணு மடங்குக்கும் மேல வித்தியாசம். அந்த பெரியவர் என்னை எப்படி ஜெயிச்சார்னு இப்ப புரியுதுல்ல. பைனாகுலர்ல 8க்கு 42ன்னு போட்டிருக்கும் பாருங்க, அந்த 42தான் வாய், பைனாகுலர் விக்கறவங்க அதை வெளிய எழுதறாங்க, கேமரா விக்கறவங்க ஜூம் நம்பரை மட்டும் பெருசா ஒட்டிடறாங்க.

இன்னும் ஒரு உதாரணம் போட்டுடறேன். சின்ன நீல மீன்கொத்தி, அலகு நுனிலேருந்து வால் வரைக்கும் 17 செ.மீ. வச்சுக்கலாம், 30 மீட்டர் தள்ளி மதகு கம்பி மேல உக்காந்திருக்கு. ஆர்50ல 210 மி.மீ.ல எடுத்தா 6000 புள்ளி (பிக்சல்) அகலமான படத்துல பறவைக்கு கிடைக்கறது சுமார் 320 புள்ளி. பி950ல 4608 புள்ளி அகலத்துல பறவை 1500 புள்ளி, படத்துல மூணுல ஒரு பங்கு. ஆனா இதுல ஒரு ஏமாத்து இருக்கு. அந்த 1500 புள்ளியும் உண்மையான விவரம் கிடையாது, சின்ன புள்ளிகள்ல எஃப் 6.5ல வெளிச்சமே கொஞ்சம் பரவி பக்கத்து புள்ளிகள்ல விழும், அது ஒளியோட குணம், எந்த கம்பெனியும் மாத்த முடியாது. பாதிக்கும் கீழதான் உருப்படியா தேறும். அப்பவும் 320ஐவிட அதிகம். இதே ஆர்50ல கேனான் 100-400 லென்ஸை மாட்டினீங்கன்னா தூரத்து முனையில எஃப் 8, வாய் 50 மி.மீ., பறவைக்கு 600 புள்ளி, அத்தனையும் கிட்டத்தட்ட உருப்படியான புள்ளி. அதாவது 50ம் 55ம் சரிக்கு சரி நிக்குது. ஆக போட்டி பிரிட்ஜுக்கும் மிரர்லெஸ்ஸுக்கும் இல்ல சார், 55க்கும் 30க்கும். கிட் லென்ஸோட மட்டும் மிரர்லெஸ் வாங்கி ஏரிக்கரைக்கு போறவர் அந்த 30ஐத்தான் வாங்கறார், இது தெரியாமலே.

இது வரைக்கும் சொன்னது வகுத்து பாத்தா வர்ற விஷயம், யாரும் மறுக்க முடியாது. இனிமே சொல்றது அனுபவம், இதுல என் கைப்பழக்கமும் கலந்திருக்கும்.

பிரிட்ஜ் கேமரா எங்க அடி வாங்கும்னா பறக்கற பறவைகிட்ட. பி900 ஃபோகஸ் பிடிக்கற முறை பழசு, முன்னயும் பின்னயும் தடவி பாத்து எங்க கூர்மையா இருக்குன்னு தேடும், பி950லயும் அதே முறைதான். உக்காந்திருக்கற நாரைக்கு அது போதும், வெட்டி வெட்டி பறக்கற பஞ்சுருட்டானுக்கு வாய்ப்பே இல்லன்னு சொல்ல மாட்டேன், நாலு வருஷத்துல எனக்கு கிடைச்ச பறக்கற படத்தை விரல் விட்டு எண்ணிடலாம். தொடர்ச்சியா எடுக்கற மோட்ல ஒரு கொத்து எடுத்துட்டு கார்டுல எழுதி முடிக்கற வரைக்கும் கேமரா முழிச்சிட்டு நிக்கும், சரியா அந்த நேரம் பாத்து மீன்கொத்தி தண்ணில விழும். ஆர்50 மாதிரி புது மிரர்லெஸ்ல பறவை கண்ணையே தேடி பிடிக்கற வசதி இருக்கு, இதை முதல் தடவ பாத்தப்ப எனக்கு கொஞ்சம் கோவமே வந்துச்சு, இத்தனை வருஷம் விரல் தேஞ்சு கத்துக்கிட்டதை இது பாட்டுக்கு செய்யுதேன்னு. பொழுது சாயற நேரத்துலயும் மிரர்லெஸ்தான் கை கொடுக்கும், வாய் ஒரே அளவா இருந்தாலும் பெரிய சென்சார்ல நிழலுக்குள்ள இருக்கற விவரத்தை தூக்கி எடுக்கலாம், ஆனா அதுக்கு ரா ஃபைல், அதாவது கேமரா திருத்தாத கச்சா படம், எடுத்து கம்ப்யூட்டர்ல உக்காரணும், நீங்கதான் உக்கார மாட்டேன்னு சொல்லிட்டீங்களே.

இன்னொரு தொல்லை, 2000ல பறவையை கண்டுபிடிக்கறதே பாடு. அந்த முனையில கேமரா பாக்கறது ஒரே ஒரு டிகிரி அகலம், 50 மீட்டர் தள்ளி அது மொத்தமே 90 செ.மீ. பறவை கண்ணுக்கு தெளிவா தெரியுது, வ்யூஃபைண்டர்ல இலை, இலை, வானம், மறுபடி இலை, அதுக்குள்ள அது பறந்து போயிருக்கும். லென்ஸ் பக்கவாட்டுல ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கி பிடிச்சா ஜூம் சட்டுன்னு பின்னாடி வரும், பறவையை நடுவுல கொண்டாந்து விட்டா மறுபடி பழைய இடத்துக்கே போயிடும். கடையில யாரும் இதை காட்ட மாட்டாங்க, கேட்டு பாத்துக்கங்க, ஒரு வாரம் தெருவுல காக்காயை வச்சு பழகினா கை தானா போகும்.

அப்புறம் கானல். இதை எந்த கேமராவாலயும் ஜெயிக்க முடியாது. தெக்கத்தி வெயில் உங்களுக்கு தெரியாததா, ஒம்பதரை மணிக்கு மேல தண்ணிக்கும் கரைக்கும் நடுவுல காத்து நெளிய ஆரம்பிச்சுடும், 80 மீட்டர் தள்ளி நிக்கற பூநாரை காலு ரெண்டும் தண்ணிக்குள்ள விட்ட பென்சில் மாதிரி வளையும். ஜூம் ஏத்த ஏத்த அந்த நெளிவும் சேந்து பெருசாகும். "2000ல எடுத்தா படம் சாஃப்டா இருக்கு, கேமரா மோசம்"னு எழுதறவங்கள்ல நிறைய பேர் பதினோரு மணிக்கு எடுத்துட்டு எழுதறாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம், நிரூபிக்க முடியாது, ஆனா என் பழைய படங்கள்ல நேரத்தையும் கூர்மையையும் வச்சு பாத்தா அப்படித்தான் இருக்கு.

இப்ப காதுகுத்துக்கு வருவோம். இங்க கதை தலைகீழ். பி950ஓட கிட்டத்து முனை 4.3 மி.மீ., எஃப் 2.8, வகுத்தா வாய் ஒண்ணரை மி.மீ.தான், அருகம்புல் நுழையற ஓட்டை. இப்ப வர்ற ஓரளவு நல்ல போனோட மெயின் கேமராவுக்கு ரெண்டரை, மூணு மி.மீ. வாய் இருக்கும், அது போக நாலஞ்சு படத்தை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி தானே சுத்தம் பண்ணிக்கும். அதனால ட்யூப்லைட் வெளிச்சத்துல பிரிட்ஜ் கேமரா உங்க பாக்கெட்டுல இருக்கற போன்கிட்டயே தோத்துடும், இதை வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கறது நல்லது. உங்க அக்கா பையன் உடனே குதிப்பான், "நான்தான் சொன்னேனே"ன்னு. அவன்கிட்ட கிட் லென்ஸ் வாயையும் கேளுங்க. 18 மி.மீ., எஃப் 4.5, வகுத்தா 4 மி.மீ. போனைவிட கொஞ்சூண்டு பெருசு. லட்ச ரூபா கிட்ட செலவு பண்ணி வாங்கின கேமராவுல வீட்டு விசேஷ படம் ஏன் போன் மாதிரியே இருக்குன்னு என்கிட்ட வந்து கேட்டவங்க கணக்கே இல்ல, காரணம் இந்த 4 மி.மீ.தான். அதே பாடியில 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் மாட்டுங்க, வாய் 28 மி.மீ. அதே அளவு காட்சிக்கு பி950ஐ ஜூம் பண்ணினா வாய் 5 மி.மீ.யைத் தாண்டாது, பரப்புல 30 மடங்குக்கு மேல வித்தியாசம். ஆசாரி கம்மலை எடுக்கறப்ப குழந்தை வீல்னு திமிரும்ல, அந்த நொடி ஆடாம நிக்கணும்னா ஷட்டர் 250ல ஒரு செகண்டாவது வேணும், அதை ட்யூப்லைட்ல தர்றது இந்த மாதிரி லென்ஸ்தான். என் தொழில் ஓடறதே அந்த 50லயும் ஒரு 35லயும்தான். கை நடுக்கத்தை குறைக்கற வசதி இருக்கேன்னு கடையில சொல்வாங்க, அது உங்க கை நடுக்கத்தை நிறுத்தும், பேத்தியை நிறுத்தாது.

எடை பத்தியும் கேட்டிருந்தீங்க, தோள்பட்டை வலி இருக்குன்னு. பி950 ஒரு கிலோ. ஆர்50 பாடி பேட்டரியோட 375 கிராம்னு சந்தோஷமா இருக்கும், 100-400 லென்ஸ் 635 கிராம், கூட்டி பாருங்க, 1010. சின்ன மிரர்லெஸ் சின்னதா இருக்கறது பறவை பாக்கப் போகாத வரைக்கும்தான். ஒரு வித்தியாசம் உண்டு, மிரர்லெஸ்ல லென்ஸை கழட்டி வச்சுட்டு விசேஷத்துக்கு சின்னதை மாட்டிக்கலாம், பிரிட்ஜ்ல எப்பவும் அந்த ஒரு கிலோ கழுத்துலதான். ஆனா லென்ஸ் மாத்தறதுன்னா கூந்தன்குளம் கரையில மே மாச புழுதி காத்துல மாத்தறதும் அதுல சேத்திதான், சென்சார்ல மண்ணு விழுந்தா ஒவ்வொரு படத்துலயும் வானத்துல ஒரு கரும்புள்ளி. பிரிட்ஜ்ல அந்த பயம் இல்லைன்னு நினைச்சேன், அதுவும் தப்பா போச்சு. ஜூம் உள்ள போய் வெளிய வர்றப்ப காத்தை இழுக்குது, கூடவே தூசியும். என் பி900ல மூணாவது வருஷம் உள்ள தூசி போய், கழட்டி சுத்தம் பண்ணச் சொன்ன கூலி பழைய கேமரா விலையில மூணுல ஒரு பங்கு. போதாக்குறைக்கு மழைக்காலத்துல பீரோவுக்குள்ள துணியோட வச்சு பூஞ்சை வேற. நீங்க எதை வாங்கினாலும் நல்ல மூடி இருக்கற ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் அதுக்குள்ள சிலிக்கா ஜெல்லும் முதல் நாளே வாங்கிடுங்க, துணிப்பையில வைக்காதீங்க.

நடுவுல ஒரு ஜாதி இருக்கு, அதையும் சொல்லாம விட்டா முழுசா இருக்காது. ஒரு இன்ச் சென்சார் பிரிட்ஜ், சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4, 2017ல வந்தது. உண்மையான 220 மி.மீ., எஃப் 4, வாய் 55, சென்சார் உளுந்தைவிட நாலு மடங்கு, ஃபோகஸும் வேகம், பறக்கறதையும் பிடிக்கும். எனக்கு கேட்டா பறவைக்காரங்களுக்கு வந்த பிரிட்ஜ்லயே இதுதான் உருப்படி. விலை உங்க பட்ஜெட்டை தாண்டி எங்கயோ போயிடும், பழசா கிடைச்சாலும் மலிவா கிடைக்காது. பானசோனிக் எஃப்இசட்1000 பழசா மலிவா கிடைக்கும், 2014 மாடல், வாய் 36 மி.மீ., வீட்டுக்கும் ஏரிக்கும் ரெண்டுக்கும் சுமாரா போகும், ரெண்டுலயும் முதல் மார்க் வாங்காது. அதைவிட பெரிய ஜூம் ஒண்ணு, நிக்கான் பி1000, 3000 வரைக்கும் போகும், 1.4 கிலோ. அதுல நிலாவே ஃபிரேமுக்குள்ள முழுசா அடங்காது. தோள்பட்டை வலி உள்ளவருக்கு நான் அதை சொல்ல மாட்டேன்.

இந்த பிரிட்ஜ் ஜாதியே கொஞ்சம் கொஞ்சமா ஓஞ்சிட்டு வருதுங்கறதும் உண்மை. ஜப்பான் கேமரா கம்பெனிகள் சங்கத்தோட கணக்குல 2010ல 12 கோடி டிஜிட்டல் கேமரா வெளிய போச்சு, 2023ல அது 80 லட்சத்துக்கும் கீழ, போன் வந்து சாப்பிட்டது பெரும்பாலும் இந்த லென்ஸ் கழட்ட முடியாத ஜாதியைத்தான். பி1000 வந்தது 2018ல, அடுத்தது பி1100னு 2025ல வந்தப்ப அதே லென்ஸ், அதே சென்சார், சார்ஜர் ஓட்டையை மாத்தி சின்ன சின்ன வசதி சேத்திருந்தாங்க. இதனால என்ன ஆகும்னா இன்னிக்கு வாங்கற பி950 அஞ்சு வருஷம் கழிச்சும் அதே பி950தான், அதுல எதையும் கூட்ட முடியாது. மிரர்லெஸ்ல பாடி பழசானாலும் லென்ஸ் நிக்கும், அடுத்த பாடிக்கு மாட்டிக்கலாம். ரிட்டயர்மெண்ட் பணம் வந்ததும் இன்னும் செலவு பண்ணுவீங்களா, இல்ல இது ஒரு தடவைதானாங்கறதை நீங்கதான் சொல்லணும்.

என் முடிவைச் சொல்லிடறேன். நீங்க எழுதினதுல "பறவை பேரை கண்டுபிடிக்கணும், ஈபேர்ட்ல படத்தோட ஏத்தணும்"னு (பாத்த பறவையை பதிவு பண்ற இணையதளம்) இருக்கு, கம்ப்யூட்டர் வேண்டாம்னு இருக்கு, 80,000க்கு மேல போகக் கூடாதுன்னு இருக்கு. இந்த மூணுக்கும் பி950 சரி. காதுகுத்துக்கு போன், இல்லன்னா பக்கத்துல யாராவது தொழில்காரனை கூப்பிடுங்க, எங்களுக்கும் வயிறு இருக்குல்ல. அக்கா பையன் சொல்ற ஆர்50ஐ ரெண்டு லென்ஸ் கிட்டா மட்டும் வாங்காதீங்க, அந்த 55-210 உங்களுக்கு ஏரிக்கும் பத்தாது வீட்டுக்கும் ஆகாது. மிரர்லெஸ்தான்னு மனசு போச்சுன்னா ஒரே லென்ஸ் கிட்டா வாங்கி, 50 ஒண்ணு சேத்து காதுகுத்தை முடிச்சுட்டு, ஒரு வருஷம் பணம் சேத்து 100-400 வாங்குங்க, அதுவரைக்கும் கரையில பைனாகுலர்ல பாருங்க. அந்த ஒரு வருஷம் வீணா போகாது, பறவையை கண்ணால பாக்கக் கத்துக்காம கேமராவோட இறங்கினவங்க நிறைய பேர், நானும்தான், ரெண்டு வருஷம் கழிச்சும் வல்லூறுக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாம நின்னிருக்கோம்.

கடைக்கு போறப்ப உங்க கார்டை நீங்களே எடுத்துட்டு போங்க. வாசல்ல நின்னு தெருக்கோடி போர்டை முழு ஜூம்ல பத்து படம் எடுத்து வீட்டுல வந்து பாருங்க, ஒரு ஓரம் மட்டும் மங்கலா இருந்தா அந்த பீஸ் வேண்டாம்னு சொல்லிடுங்க. பில்லும் இந்தியா வாரண்டி கார்டும் இல்லாம பத்தாயிரம் குறைச்சு தரேன்னு சொன்னா திரும்பி வந்துடுங்க, ஒரு தடவ அப்படி ஒரு கடையில ஒரு லென்ஸ் வாங்கி எட்டாவது மாசம் ஃபோகஸ் மோட்டார் போய், சீரியல் நம்பரே எங்க லிஸ்ட்ல இல்லன்னு கையை விரிச்சுட்டாங்க, குறைச்ச பணத்தைப்போல மூணு பங்கு போச்சு. பி950 வாங்கினா கொக்கு, கரண்டிவாயன் மாதிரி வெள்ளைப் பறவைக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்ச அளவை, மைனஸ் 0.7 குறைச்சு வைங்க, இல்லன்னா இறகு எல்லாம் சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி வரும்.

ஒண்ணு மட்டும் நீங்க செஞ்சுட்டு பதில் போடுங்க, ஏன்னா என் முடிவு அதுல மாறலாம். கூந்தன்குளத்துல ஊருக்குள்ள இருக்கற மரத்துலயே சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுது, அது தலைக்கு மேல பத்து பதினஞ்சு மீட்டர், அங்க எந்த லென்ஸும் போதும், கூட்டுக்கு கீழ ரொம்ப நேரம் நிக்காம நகந்துடுங்க, அவ்வளவுதான். வரித்தலை வாத்து நடுத் தண்ணில நிக்கும், அதுக்கு 55 மி.மீ. வாயே பத்துமான்னு சந்தேகம். நீங்க அதிகம் எடுக்க ஆசைப்படறது எதை? அடுத்த ஞாயித்துக்கிழமை போறப்ப நீங்க வழக்கமா நிக்கற இடத்துலேருந்து பறவை உக்கார்ற இடம் வரைக்கும், கரையோரமா நடந்து முடிஞ்ச வரைக்கும் காலடி எண்ணி பாருங்க. பெரும்பாலும் 20 அடிவைப்புக்குள்ள முடிஞ்சுதுன்னா அக்கா பையன் சொன்ன கிட்டே போதும், நான் மேல எழுதினதுல பாதியை அழிச்சுடலாம்.